மூன்று கணக்கில் ஒரே ஏவாரி: சித்தூர்–பொள்ளாச்சி எல்லையில் இளநீர் பாக்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் மூன்று அமைப்புகள் வருகின்றன. மூன்றும் தென்னை உழவர்களுடையவை. பெயர் சொல்லாமல், இருக்கும் திசையை வைத்து மேற்கு, தெற்கு, வடக்கு என்று குறிப்பிடுகிறேன். மேற்கு, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். தெற்கு, ஆனைமலைப் பக்கம். வடக்கு, கிணத்துக்கடவுப் பக்கம். நான் மேற்கின் கணக்கைப் பார்ப்பவன். அதனால் எங்கள் தவறுகள் இதில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மற்ற இரண்டு இடத்துத் தவறுகள் அவர்கள் வாய்விட்டுச் சொன்ன அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

பின்னணி

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பகுதிகளில் வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், சாமான் வாங்கப் பொள்ளாச்சி. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் போர்டில் எழுத்து மாறும், தோப்பு மாறாது. காய் வெட்டும் ஆட்கள், லாரிக்காரர்கள், புரோக்கர்கள் எல்லாரும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

அமைப்புகள் மட்டும் தனித்தனி. மேற்கும் தெற்கும் 2002 கம்பெனிச் சட்டத் திருத்தத்தின் வழியே வந்த உற்பத்தியாளர் கம்பெனி வகை. வடக்கு ஒரு சங்கம். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: எந்த உறுப்பினர் தோப்பில் எந்த வாரம் இளநீர் வெட்டுக்கு வரும் என்று கணக்கெடுப்பது, ஏவாரியிடம் (வியாபாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) விலை பேசுவது, லோடு ஏற்றிவிடுவது, பணத்தை வாங்கிப் பட்டுவாடா செய்வது. ஏவாரி பணம் தர நாளானாலும் உறுப்பினருக்கு ஒரு வாரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வெட்டுக்கு அவர் நேராகப் புரோக்கரைக் கூப்பிட்டுவிடுவார். ஆக, பாக்கி விழுந்தால் அது முதலில் கம்பெனியின் கைமுதலைத்தான் தின்னும்.

2023 தொடக்கத்தில் எங்களுக்கு அவசரம் இருந்தது. அந்தப் பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். வெளிச்சந்தை அதற்கும் கீழே கிடந்தது. முற்ற விட்டு உரித்து உடைத்துக் காயவைப்பதைவிட இளநீராகவே இறக்கிவிடலாம் என்று பலர் முடிவெடுத்தார்கள். காய் மிகுந்தது. காய்க்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கேட்கும் எந்த ஏவாரியும் நல்லவராகத் தெரிந்த நேரம் அது.

இளநீர் வியாபாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எண்ணிக்கையில் விற்பதால் எடைமேடைச் சீட்டு இல்லை. தேங்காய்க்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் சரக்கு லாரியில் போக எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டியதில்லை. உழவருக்கு அது நல்லதுதான். ஆனால் சரக்கு யாருக்குப் போனது என்பதற்கு மூன்றாம் ஆள் கையில் ஒரு காகிதமும் மிஞ்சாது. நம் சிட்டையில், அதாவது அன்றாடக் கணக்கு நோட்டில், எழுதியதுதான் சாட்சி.

மூன்று அமைப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததற்கு வெளியே சொன்ன காரணம் ஏவாரிப் போட்டி. சொல்லாத காரணம் தண்ணீர். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும். கோடை வந்தால் இரு பக்கமும் மனு, மறியல், கோபம். எங்கள் இயக்குநர்களில் இருவர் அந்த மறியல்களில் உட்கார்ந்தவர்கள். தெற்கின் தலைவர் எதிர்ப்பக்கத்து மறியலில் உட்கார்ந்தவர். இளநீர் பேச உட்கார்ந்தாலும் பேச்சு ஆழியாற்றில் போய்த்தான் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் உட்காரவே இல்லை.

2023 பிப்ரவரி முதல் மே வரை

எங்களுக்குப் பழக்கமான உள்ளூர்ப் புரோக்கர் ஒருவர் புது ஏவாரியைக் கூட்டிவந்தார். முதல் இரண்டு லோடுக்கும் தார்ப்பாய் கட்டுவதற்கு முன்பே பணம் வந்தது. மூன்றாவதுக்குப் பாதி வந்தது. மீதி நான்கு நாளில் வந்து சேர்ந்தது. நான்காவதும் ஐந்தாவதும் முழுக் கடன். “அடுத்த லோடுல சேத்திக் குடுத்தர்றனுங்க” என்றார். அடுத்த லோடு இல்லை. செல்போன் ஒரு வாரம் மணி அடித்தது, பிறகு அதுவும் நின்றது. புரோக்கர் “நான் கூட்டிட்டு வந்து உட்டதோட செரி” என்று கைவிரித்தார். இரண்டு லோடு, கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய்.

ஏப்ரல் கடைசியில் இயக்குநர் கூட்டம். நடந்ததை அப்படியே எழுத வேண்டுமா என்று கேட்டேன். “வெளிய தெரிஞ்சா மானம் போயிரும், வசூலாக வேண்டியதுன்னு மட்டும் எழுதுங்க தம்பி” என்றார் மூத்த இயக்குநர். அப்படியே எழுதினேன். நிலுவைத் தொகை என்ற ஒரு வரிக்குள் மொத்தக் கதையும் அடங்கிவிட்டது. அது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் படித்தால் யாருக்கும் எதுவும் தெரியாத கணக்கு. காவல் நிலையத்துக்கும் போனோம். ஆள் வெளிமாநிலம், கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

தெரிய வந்த விதம்

ஜூன் முதல் வாரம் காய் வெட்டும் ஆட்களின் மேஸ்திரி கூலி பாக்கி கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். வெட்டுக் கூலியை ஏவாரிதான் கொடுப்பது வழக்கம். கடைசி இரண்டு லோடுக்கு அவருக்கும் வரவில்லை. நான் தயங்கித் தயங்கி, எங்களுக்கும் வரவில்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“உங்களுக்குமுங்களா? நான் ஆனமலக்காரங்களுக்கு மட்டுந்தான்னு நெனச்சனுங்க. கிணத்துக்கடவுல தை மாசமே இந்தக் கதைதானுங்க.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் டைரியை எடுத்தார். காய்க்கு இத்தனை பைசா என்று கூலி என்பதால் தேதி, தோப்பு, லாரி எண், காய் எண்ணிக்கை எல்லாம் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். மூன்று இடங்களிலும் வந்து நின்றது பெரும்பாலும் ஒரே இரண்டு லாரிகள்.

வரிசை இப்படி இருந்தது. வடக்கில் டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடித்திருக்கிறார். எங்களிடம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. தெற்கில் ஏப்ரல், மே. வடக்கு பொங்கலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் பணம் மிஞ்சியிருக்கும். ஏப்ரலில் நாங்கள் சொல்லியிருந்தால் தெற்கின் பணம் மிஞ்சியிருக்கும். ஏப்ரல் கூட்டக் குறிப்பை எழுதிய கை என்னுடையது என்பதால் இந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தகவல் இல்லாமல் யாரும் ஏமாறவில்லை. அது எல்லையின் இரு பக்கமும், மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறவர்களிடம் தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூன்று அலுவலகங்களுக்குள் மட்டும் அது நுழையவில்லை.

முதல் சந்திப்பு

ஒருவர் அலுவலகத்துக்கு மற்றவர் வர மாட்டார். ஜூலையில் கோபாலபுரம் சாலையில் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். மூன்று இடத்திலிருந்தும் கணக்குப் பார்ப்பவர்கள் மட்டும். இயக்குநர்கள் வேண்டாம் என்றது தெற்கின் மேலாளர். அது சரியான யோசனை. மறியலில் உட்காராத மூன்று பேர் டீ குடித்தால் தண்ணீர்ப் பேச்சு வராது.

முதல் அரை மணி நேரம் யாரும் தொகையைச் சொல்லவில்லை. “கொஞ்சம் நிக்குது” என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். மேஸ்திரியின் டைரியிலிருந்து நான் எழுதி வந்த தாளை மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு நேர்வழிக்கு வந்தது. வடக்கின் எழுத்தர் தன் சிட்டையை எடுத்தார். பெயர் பொருந்தவில்லை, மூன்று இடத்திலும் மூன்று பெயர். எங்கள் எழுத்தர் மலையாளத்தில் எழுதியிருந்தது நான்காவது மாதிரி. செல்போன் எண்ணும் வேறு. பொருந்தியவை லாரி எண்ணும், முன்பணம் வந்த வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும்தான். இது பின்னால் எங்கள் முறைக்கே அடிப்படையானது: ஆளைப் பெயரால் தேடாதே.

எடுத்த முடிவுகள்

ஏவாரிகள் பணம் தரும் விவரத்தை மூன்று அமைப்பும் ஒரு பொதுத் தாளில் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசினோம். எதைப் பகிர்வது என்பதைவிட எதைப் பகிரக்கூடாது என்பதற்குத்தான் நேரம் போனது. தெற்கு, விலையையும் சேர்க்கலாம் என்றது. நாங்கள் மறுத்தோம். எந்த ஏவாரி எங்களுக்கு என்ன விலை தருகிறார் என்று தெரிந்தால் தெற்கு அவரை இழுத்துக்கொள்ளும் என்ற பயம் எங்கள் இயக்குநர்களுக்கு உண்டு. பொள்ளாச்சி வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபோது இன்னொரு காரணமும் கிடைத்தது. விற்பவர்கள் கூடி விலையை ஒத்துக்கொள்வது 2002 போட்டிச் சட்டத்தின் கீழ்ச் சிக்கலாகலாம், அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றார். விலை வெளியே நின்றது.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் இன்னும் பயன்பட்டது. “மோசடிக்காரன், ஏமாத்துக்காரன்னு ஒரு சொல் எழுதுனாலும் அவதூறு வழக்குக்கு வழி. தேதி மட்டும் எழுதுங்க. தேதிமேல யாரும் கேஸ் போட முடியாது.” ஆகவே தாளில் ஐந்தே கட்டம் போட்டோம்: லாரி எண், கணக்கின் கடைசி நான்கு இலக்கம், லோடு ஏறிய நாள், பணம் தருவதாகச் சொன்ன நாள், பணம் வந்த நாள். கருத்து எழுத இடமே இல்லை. உறுப்பினர் பெயர் இல்லை, காய் எண்ணிக்கை இல்லை.

எங்கள் இயக்குநர்கள் ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. “நம்ம கஷ்டத்த அவங்களுக்கு எதுக்குக் காட்டோணும்?” என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருந்த கேள்வி. நியாய தர்மம் பேசியதில் யாரும் அசையவில்லை. ஜனவரி, ஏப்ரல் என்ற இரண்டு தேதிகளைப் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியதில் அசைந்தார்கள். செப்டம்பரில் ஓர் ஆண்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் வந்தது.

பழைய பாக்கிக்கும் ஒரு முடிவு எடுத்தோம். மூன்று பேரும் ஒரே நாளில் புரோக்கர் வீட்டுக்குப் போவது. தனித்தனியாகக் கேட்டபோது கைவிரித்தவர், மூன்று சிட்டையும் ஒரே திண்ணையில் விரிந்ததும் வாய் திறந்தார். தனக்கு லோடுக்கு இவ்வளவு என்று கமிஷன் வந்ததை ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையைத் தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்தார். நான்கு தவணை வந்தது. பிறகு நின்றுவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது பாக்கியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை அடுத்த ஆண்டுக் கணக்கில் வாராக்கடன் என்று, இந்த முறை காரணத்தோடு, எழுதினோம். பொதுக்குழுவில் சத்தம் வந்தது. இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

நடைமுறையில் வந்த கோளாறு

2023 டிசம்பர் வரை தாள் அமைதியாக ஓடியது. ஜனவரியில் நான் ஒரு தப்புச் செய்தேன்.

மைசூர்ப் பக்கம் அனுப்பும் ஏவாரி ஒருவர், எங்களிடம் ஆறு ஆண்டாக வாங்குகிறவர். அவர் லோடுக்குப் பணம் வரவில்லை என்று தாளில் கட்டம் காலியாகக் கிடந்தது. சொன்ன நாளிலிருந்து பத்தொன்பது நாள். உண்மையில் பணம் மூன்றாம் நாளே வந்துவிட்டது, நாங்கள் அதிகம் பார்க்காத பழைய வங்கிக் கணக்குக்கு. நான் அந்தப் பாஸ்புத்தகத்தைப் பார்க்கவில்லை.

அதே வாரம் அவர் லாரி வடக்கின் தோப்புக்குப் போனது. வடக்கின் எழுத்தர் தாளைப் பார்த்துவிட்டு, முழுப் பணம் வந்தால்தான் ஏற்றுவோம் என்றார். ராத்திரி முழுக்க லாரி நின்றது. வெட்டாட்கள் சும்மா உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஏவாரி எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. “ஆறு வருசத்துல ஒரு நாள் தவறியிருக்கனுங்களா? ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதுங்களா?” என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் எங்கள் பக்கம் அவர் லாரி வரவில்லை. எங்கள் தலைவரும் நானும் நேரில் போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வந்தார்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஒரு அமைப்புக்குள் இருக்கும் தவறான தகவல் அந்த அமைப்பை மட்டும் கெடுக்கும். பகிர்ந்த தவறான தகவல், தப்பே செய்யாத ஒருவரை மூன்று வாசலிலும் நிறுத்தி வைக்கும். தாள் தொடங்கும்போது கெட்ட ஏவாரியிடமிருந்து நம்மை எப்படிக் காப்பது என்றுதான் யோசித்தோம். நல்ல ஏவாரியை நம்மிடமிருந்து எப்படிக் காப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் விதி மாறியது. காலிக் கட்டம் பகிரப்படுவதற்கு முன் சம்பந்தப்பட்ட ஏவாரிக்குப் போன் செய்து கேட்க வேண்டும். கேட்ட தேதி ஆறாவது கட்டம். அவர் மறுத்தால் மறுப்பு என்ற ஒரு சொல் மட்டும் எழுத வேண்டும். பணம் வந்து ஆறு மாதம் ஆன வரிகள் அழிக்கப்பட வேண்டும்.

அதே மாதம், வடக்கில் தாளைத் திறந்து பார்த்த ஒருவர் தன் உறவுக்காரப் புரோக்கருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார் என்று தெரிந்தது. அதோடு பொதுத் தாளை நிறுத்தினோம். இப்போது ஒவ்வொரு அமைப்பிலும் ஒருவர்தான் வைத்திருப்பார். மற்றவர் லாரி எண்ணைச் சொல்லிக் கேட்டால் அந்த ஒரு வரியை மட்டும் சொல்வார். வேகம் குறைந்தது. சண்டையும் குறைந்தது.

எதிர்பாராமல் வந்தது

தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016இல் இந்தியாவில் முதலில் பதிவானது பொள்ளாச்சிப் பக்கம்தான். ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்துச் சாற்றை உறிஞ்சும். கீழே வடியும் தேன்கழிவில் கரும்பூசணம் படர்ந்து ஓலை கரி பூசியது போலாகும். இதை அடக்குவது என்கார்சியா என்ற பொடி ஒட்டுண்ணிக் குளவி. அது முட்டையிட்ட வெள்ளை ஈக் கூட்டுப்புழு கறுத்துப் போகும். அப்படிக் கறுத்த புழு உள்ள ஓலைத் துண்டை வெட்டி, குளவி இல்லாத தோப்பு மரத்தில் கட்டிவிடலாம். ரசாயன மருந்து அடித்தால் ஈயோடு குளவியும் சாகும் என்பதால் அடிக்க வேண்டாம் என்பதே ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் உட்பட எல்லாரும் சொல்லும் யோசனை.

மார்ச்சில் தெற்கின் மேலாளர் லாரி எண் கேட்கக் கூப்பிட்டவர், போகிற போக்கில், “உங்க பக்கம் கறுத்த புழு இருக்குதுங்களா?” என்றார். எங்களிடம் இரண்டு தோப்பில் நிறைய இருந்தது. மறுநாளே அவர்கள் ஆள் வந்து ஓலைத் துண்டுகளை வெட்டிப் போனார்கள். அடுத்த வாரம் வடக்கு. யார் எந்த வாரம் மருந்து அடிக்கப் போகிறார் என்பதையும் சொல்லிக்கொள்ளத் தொடங்கினோம். இதற்கு எந்தத் தீர்மானமும் போடவில்லை, வழக்கறிஞரைக் கேட்கவில்லை, மூன்று மாதம் பேசவில்லை. போன் எண் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், தாளைவிட இதுதான் பெரிது. ஆனால் ஓலைத் துண்டில் தொடங்கியிருந்தால் முதல் போன் வந்திருக்காது என்றும் தோன்றுகிறது. இரண்டு லட்சம் போனதால்தான் எண்ணை வாங்கிக்கொண்டோம்.

விளைவு

2024 கோடையில் இரண்டு முறை தாள் எங்களை எச்சரித்தது. ஒரு முறை, தெற்கில் இரண்டு லோடுக்குப் பணம் தரத் தாமதித்த லாரி எங்கள் வாசலுக்கு வந்தது. கைமேல் பணம் கேட்டோம், திரும்பிப் போய்விட்டது. இன்னொரு முறை நாங்கள் சொன்னதைக் கேட்டு வடக்கு பாதி முன்பணம் வாங்கியது, மீதியும் வந்தது. அந்த ஆள் ஏமாற்ற வந்தவரா, வெறும் கைமுடையா என்பது தெரியவில்லை. 2023 மாதிரி முழு லோடு பணம் போன நிகழ்வு மூன்று இடத்திலும் இல்லை.

இதற்குத் தாள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2024 கோடையில் வறட்சியும் வெள்ளை ஈயும் சேர்ந்து காய் குறைந்தது, விலை ஏறியது. காய் கிடைக்காத காலத்தில் ஏவாரிகளே பணத்தை முன்னால் நீட்டுவார்கள். தாளுக்கு உண்மையான சோதனை, காய் மிகுந்து விலை விழும் ஓர் ஆண்டில்தான் இருக்கிறது.

ஓர் ஆண்டு முடிந்து தீர்மானத்தைப் புதுப்பிக்கும்போது எங்கள் கூட்டத்தில் பத்து நிமிடம்தான் பேச்சு நடந்தது. விலையைச் சேர்க்கும் யோசனை மறுபடி வந்தது, மறுபடி நின்றது. ஆழியாற்றுத் தண்ணீர்ச் சண்டை பழையபடியே இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

மறுபடி தொடங்கினால், ஏவாரியிடம் கேட்கும் விதியை முதல் நாளே வைப்பேன். தாளைப் பொதுவில் திறந்து வைக்க மாட்டேன். ஏப்ரல் கூட்டக் குறிப்பில் ‘நிலுவைத் தொகை’ என்பதற்குக் கீழே லாரி எண்ணையாவது எழுதுவேன்.

பெரிய ஓட்டை இன்னும் அடைபடவில்லை. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மேஸ்திரி இந்த ஏற்பாட்டில் எங்குமே இல்லை. அவர் டைரியைப் பார்த்து எழுதிக்கொண்டோம். அவருக்கு வர வேண்டிய கூலியைப் பற்றி மூன்று அமைப்பும் தீர்மானம் போடவில்லை. எந்த ஏவாரி பணத்தைத் தள்ளுவார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. ஏனென்றால் நிற்கும் முதல் பணம் வெட்டுக் கூலிதான். சென்ற கூட்டத்தில் கூலிப் பாக்கிக்கு ஏழாவது கட்டம் ஒன்று சேர்க்கலாம் என்று தெற்கு சொல்ல, வடக்கு ஒப்புக்கொண்டது. எங்கள் இயக்குநர்கள் யோசிக்கிறோம் என்றார்கள். யோசிக்கக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு வெட்டுக்கு நாங்களே நேரடியாக ஆள் வைத்தோம். கூலி கொடுக்கப் பதினொரு நாள் ஆனது. ஏழாவது கட்டம் வந்தால் அதில் முதல் வரி எங்கள் பெயரில்தான் வரும்.